விளக்கின் விலை

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நிலக்கரி தின்ற நீராவி எஞ்சின் நம் மலைத் தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுபோயிற்று. தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்தியதோ விறகு. அதற்காகக் காடுகள் மெலிந்தன.

நிலக்கரியின் கதை ரயிலோடு முடியவில்லை. நுரைச்சோலையில் 2011இல் முதல் அலகு இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்றுமாக 900 மெகாவாட் ஆயின. கடலுக்கு அப்பால் கூடங்குளத்தில் 2013 முதல் அணுமின். ஆயிரம் மெகாவாட் நிலையமொன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 30 இலட்சம் தொன் நிலக்கரி வேண்டும்; அணு உலைக்கோ 30 தொன் யுரேனிய எரிபொருளே தாராளம். ஆனால் நிலக்கரி புகையாகவும் சாம்பலாகவும் கணக்குத் தீர்க்கிறது. அணுக்கழிவு பேரப்பிள்ளைகளின் பெயரிலும் கடன் எழுதுகிறது.

“நமக்குத்தான் தண்ணீர் இருக்கிறதே” என்கிறீர்களா? உமாஓயாத் திட்டச் சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர் கசிந்தபோது பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடிப்புக் கண்டன. அந்த 120 மெகாவாட் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.

எது மலிவு என்று கேட்குமுன், அந்த விலையை எந்த ஊர் கொடுக்கிறது என்று கேட்போம்.