எபிசோட் 27: சேம அச்சு, டிப்பர், ஒரு பாலிசி

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல ஆரம்பிச்சது. இங்கிலாந்துல வேலை பாக்குற காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தன், லீவுக்குக் காருக்குப் பின்னாடி ஒரு கேரவனை மாட்டிக்கிட்டு கடற்கரைப் பக்கம் போயிருந்தான். போட்டோவோட சேத்து ஒரு புலம்பல்: "மச்சி, கேரவனுக்குத் தனியா இன்சூரன்ஸ் எடுக்கணுமாம்டா. கார் இன்சூரன்ஸ் பத்தாதாம்."

அங்க பொதுவா எப்படின்னா, கார் இழுத்துட்டுப் போறப்போ பின்னாடி இருக்கிற வண்டி அடுத்தவங்களை இடிச்சிட்டா, அந்த நஷ்டத்தைக் காரோட பாலிசி ஏத்துக்கும். கேரவனுக்கே அடிபட்டா, இல்ல திருடு போனா, அதுக்குத் தனி பாலிசி வேணும். அதாவது இழுக்குற வண்டி ஒண்ணு, இழுபடுற வண்டி இன்னொண்ணு. ரெண்டும் ஒரே கொக்கியில மாட்டியிருந்தாலும் காகிதத்துல வேற வேற.

நான் அவனுக்குச் சிரிப்பு எமோஜி அனுப்பிட்டு போனைக் கீழ வெச்சேன். அப்புறம்தான் எங்க அத்தை ஞாபகம் வந்தாங்க. சிரிப்பு போயிடுச்சு.

அம்மாவோட ஊர் மரக்காணம் பக்கம். ஈசிஆர்ல சென்னையிலருந்து பாண்டி போற வழியில வெள்ளை வெள்ளையா குவிஞ்சிருக்குமே, நீங்க கண்டிப்பா இறங்கி ரீல்ஸ் எடுத்திருப்பீங்க, அந்த உப்பளம்தான். மாமா பொண்டாட்டி, எங்க அத்தை, அதுல கூலி வேலை பாத்தவங்க. பாத்தியில உப்பு வாரி, கூடையில தலைச்சுமையா தூக்கிட்டு வந்து அம்பாரம் போடுறது. 2005ல, எனக்கு எட்டு வயசு இருக்கும், வேலை முடிஞ்சு உப்பு மூட்டை ஏத்தின டிராக்டர் டிப்பர்ல ஏறி வந்தாங்க. டிப்பர்னா ஊர்ல ட்ரெய்லரைச் சொல்ற பேரு. ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டதுல கீழ விழுந்து, பின் சக்கரம் கால்ல ஏறிடுச்சு. இன்னைக்கும் குச்சி இல்லாம நடக்க முடியாது.

டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனா ஒரு பைசா வரல. கேஸ் போடலாமான்னு கேக்கப் போனப்போ வக்கீல் சொன்னதை அத்தை இன்னும் அப்படியே சொல்லுவாங்க: "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும்மா. நீங்க உக்காந்திருந்த இடத்துக்கு இல்ல."

அந்த ஒரு வரி எப்படி உருவாச்சுங்கிறதுதான் இன்னைக்கு நம்ம கதை. கொஞ்சம் பின்னாடி போகணும். கொஞ்சம்னா, ரெண்டாயிரம் வருஷம்.

கேரவன்ங்கிறது பாரசீகத்துலருந்து வந்த வார்த்தை. கூட்டமா சேந்து போற வணிகப் பயணம்னு அர்த்தம். தமிழ்ல அதுக்குச் சாத்துன்னு பேரு. சங்க காலத்துல உப்பு வித்தவங்க உமணர். கடற்கரையில உப்பை ஏத்திக்கிட்டு, குடும்பம் குட்டியோட மாட்டு வண்டி வரிசையா உள்நாட்டுக்குப் போவாங்க. உப்பைக் கொடுத்து நெல் வாங்குவாங்க. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடின சிறுபாணாற்றுப்படையில எயிற்பட்டினம்னு ஒரு துறைமுகம் வரும். அது இன்னைக்கு மரக்காணம்தான்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதே பாட்டுல வர்ற கிடங்கில், இப்ப திண்டிவனத்துக்குள்ள இருக்கு. மரக்காணத்துலருந்து பஸ் பிடிச்சா ஒரு மணி நேரத்துல போயிடலாம்.

இப்ப முக்கியமான விஷயம். புறநானூற்றுல 102ஆவது பாட்டு, ஔவையார் பாடினது. அதியமானோட மகன் பொகுட்டெழினியைப் புகழ ஒரு உவமை சொல்றாங்க. மாடு இளசு, நுகம் பழகல. வண்டியில பாரம் அதிகம். மேட்டுல ஏறணுமோ பள்ளத்துல இறங்கணுமோ யாருக்குத் தெரியும்னு, உமணர்கள் வண்டிக்கு அடியில ஒரு உபரி அச்சைக் கட்டி வெச்சிருப்பாங்களாம். அதுக்குப் பேரு சேம அச்சு. நீ அந்த மாதிரின்னு இளவரசனைப் பாத்து சொல்றாங்க. ராஜா வீட்டுப் பையனை ஸ்டெப்னின்னு புகழ்றதுக்கு ஔவையாருக்குத்தான் தைரியம் வரும்!

ரிஸ்க், பாரம், பாதை, முன்னேற்பாடு, இன்சூரன்ஸோட மொத்த லாஜிக்கும் அதுல இருக்கு. ஆனா ஒண்ணு கவனிங்க. சேம அச்சு வண்டிக்கு. உடைஞ்சா வண்டி நிக்காது, உப்பு சந்தைக்குப் போயிடும். வண்டியில உக்காந்திருந்தவங்களுக்கு அந்த அச்சு என்ன செய்யும்?

அடுத்த இழுவை, தண்ணியில. சென்னையில நாம மூக்கைப் பொத்திக்கிட்டு கடக்குற பக்கிங்காம் கால்வாயோட தெற்கு முனை மரக்காணம். 1806ல சென்னைக்கு வடக்கே தொடங்கின வேலை, கொஞ்சம் கொஞ்சமா நீண்டு இங்க வரைக்கும் வந்தது. 1877-78 பஞ்சத்துல, கஞ்சிக்குக் கூலியா ஜனங்களை வெச்சு அடையாறையும் கூவத்தையும் இணைச்சாங்க. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேர் கால்வாய்க்கு வந்தது, வெட்டினவங்க பேர் வரல. அது வேற எபிசோட். இந்தக் கால்வாய் வழியா உப்பும் விறகும் படகுல சென்னைக்குப் போச்சு. காத்து அடிச்சா பாய், இல்லன்னா கழி, அதுவும் முடியலன்னா கரையில ஆளுங்க கயித்தைத் தோள்ல போட்டு இழுத்துட்டு நடப்பாங்க. அதாவது இஞ்சினே மனுஷன்தான்.

சாலையும் லாரியும் வந்ததும் கால்வாய் செத்துப் போச்சு. 1965, 66 புயல்கள் மிச்சத்தையும் முடிச்சு வெச்சது. உப்பு திரும்பவும் சக்கரத்துல ஏறிச்சு. இந்த முறை வண்டிக்கு முன்னாடி மாடு இல்ல, டிராக்டர்.

இங்க சட்டம் உள்ள வருது. இங்கிலாந்துல 1930 ரோடு டிராஃபிக் ஆக்ட் மூலமா, ரோட்டுல வண்டி ஓட்டினா மூணாம் நபருக்கான இன்சூரன்ஸ் கட்டாயம்னு ஆக்கினாங்க. அதைப் பாத்து இந்தியாவுல 1939 மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ஆனா அதுல இன்சூரன்ஸைக் கட்டாயமாக்குற எட்டாவது அத்தியாயம் 1946 ஜூலை 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. இப்ப இருக்கிறது 1988 சட்டம், 1989 ஜூலையிலருந்து நடைமுறையில இருக்கு.

இந்தச் சட்டத்தோட இரண்டாவது பிரிவு வெறும் விளக்கங்கள். போர் அடிக்கும்னு நினைச்சேன். இல்ல, செம. டிராக்டர்னா என்ன? தானே எந்தச் சுமையையும் ஏத்துற மாதிரி கட்டப்படாத வண்டி. ட்ரெய்லர்னா? மோட்டார் வாகனத்தால இழுக்கப்படுற வண்டி. மோட்டார் வாகனம்னா? அந்த விளக்கத்துக்குள்ள ட்ரெய்லரும் சேத்தி! மோட்டாரே இல்லாத தகரப் பெட்டி சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். அதனால அதுக்குத் தனியா பதிவு எண், தனியா இன்சூரன்ஸ். நம்ம பாஷையில சொன்னா ரெண்டு தனித்தனி ஆப்ஜெக்ட். ஒண்ணோட பாலிசியை இன்னொண்ணு தானா இன்ஹெரிட் பண்ணாது.

சரி, ட்ரெய்லரையும் பாலிசியில சேத்துட்டா? 2002ல வந்த இந்திய மோட்டார் டாரிஃப்ல 30ஆம் நம்பர் எண்டார்ஸ்மென்ட் அதுக்குத்தான். கூடுதல் பிரீமியம் கட்டி, ட்ரெய்லரோட பதிவு எண்ணைக் குறிச்சா பொறுப்பு அதுக்கும் நீளும். ஆனா அதுலயே ஒரு வரி: ட்ரெய்லர்ல பயணம் பண்றவங்க செத்தாலோ காயப்பட்டாலோ கம்பெனி பொறுப்பில்ல, வேலை ஒப்பந்தத்தின் பேர்ல போறவங்களைத் தவிர. அத்தைக்குக் கூலி கொடுத்தது உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். டிராக்டர் இன்னொருத்தரோடது. அந்த டிப்பருக்கு எண்டார்ஸ்மென்ட் இருந்திருந்தாகூட, "யாரோட வேலையாளு?"ன்னு ஒரு சண்டை காத்திருந்திருக்கும்.

இதெல்லாம் காகிதம். கோர்ட் என்ன சொல்லிச்சு? அத்தை விழுந்த காலத்தைச் சுத்தி நாலு தீர்ப்பு இருக்கு. வரிசையா பாத்தா வயிறு கலங்குது.

1999 டிசம்பர், சத்பால் சிங் வழக்கு. சரக்கு வண்டியில சும்மா ஏறி வந்த ஆளுக்குக்கூட இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. சட்டத்துல "எந்த ஒரு நபரும்"னு இருக்கே, அப்ப எல்லாரும்தானேன்னு வாதம். மூணே வருஷம். 2002 டிசம்பர்ல ஆஷா ராணி வழக்குல அதே நீதிமன்றம் அதைத் தப்புன்னு மாத்திடுச்சு. காரணம் ரொம்ப கோடிங் மூளை: 1994ல நாடாளுமன்றம் இந்தப் பிரிவைத் திருத்தி, "சரக்கின் உரிமையாளர் அல்லது அவரது பிரதிநிதி உட்பட"ன்னு சேத்தது. "எந்த ஒரு நபரும்"ங்கிறதுலயே எல்லாரும் அடக்கம்னா, அந்த வரியைப் புதுசா சேக்க வேண்டிய அவசியம் என்ன? பழைய வெர்ஷனையும் புது வெர்ஷனையும் பக்கத்துல வெச்சு டிஃப் பாத்திருக்காங்க. தர்க்கம் சரி, ஒத்துக்கிறேன். வெளிய விழுந்தது மனுஷங்க.

2004, சின்னம்மா வழக்கு. டிராக்டர் ட்ரெய்லர்ல காய்கறியோட போன வியாபாரி இறந்துட்டார். வியாபாரி காய்கறி கொண்டு போறது விவசாயப் பயன்பாடு ஆகாது. டிராக்டர் பாலிசி விவசாயத்துக்கு. கம்பெனி பொறுப்பில்லன்னு தீர்ப்பு. அத்தையோட வக்கீல் சொன்னதுக்குப் பின்னாடி இருந்தது அநேகமா இதுதான்.

காய்கறிக்கே அப்படின்னா உப்புக்கு? எங்க ஊர்ல "இந்த வருஷம் உப்பு நல்லா விளைஞ்சிருக்கு"ன்னுதான் சொல்வாங்க. பாத்தி கட்டி, தண்ணி பாய்ச்சி, வெயில்ல காத்திருந்து, மழை வந்தா எல்லாம் போச்சுன்னு தலையில கை வெக்கிறது. நெல்லுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஆனா அரசியலமைப்பு ஏழாவது அட்டவணையில, மத்திய பட்டியல் 58ஆவது இடத்துல, உப்பு ஒரு உற்பத்திப் பொருள். மத்திய அரசோட உப்புத் துறையும் தொழில் அமைச்சகத்துக்குக் கீழதான். தமிழ்ல விளையுற பொருள், சட்டத்துல தயாரிக்கிற பொருள். அந்த இடைவெளியில டிராக்டரோட விவசாயப் பாலிசி நின்னு போயிடுது.

நாலாவது, 2007, பிரிஜ் மோகன் வழக்கு. செங்கல் சூளைக்கு மண் வெட்டி ஏத்தின ஒரு கூலித் தொழிலாளி. டிராக்டர்ல மாட்டின ட்ராலியிலருந்து விழுந்து அடிபட்டவர். ட்ராலிக்கு இன்சூரன்ஸ் இல்ல. செங்கல் சூளை விவசாயமும் இல்ல. சட்டப்படி கம்பெனி பொறுப்பில்லன்னு நீதிமன்றம் தெளிவா சொல்லிட்டு, அடுத்து இன்னொண்ணு செஞ்சது. அரசியலமைப்பு 142ஆவது பிரிவு கொடுக்கிற தனி அதிகாரத்தை எடுத்து, ஆள் ஏழை, அதனால கம்பெனி முதல்ல பணத்தைக் கொடுக்கட்டும், அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு உத்தரவு போட்டது.

உப்புக்குப் பதிலா மண். மத்தபடி அப்படியே அத்தையோட கதை. ஆனா 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். டெல்லி வரைக்கும் போனவருக்குக் கிடைச்சது. உப்பளத்துல தினக்கூலி வாங்கினவங்க, வக்கீல் வீட்டு வாசலோட திரும்பி வந்தாங்க.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அத்தைகிட்ட இந்தத் தீர்ப்பைச் சொன்னேன். ரெக்கார்டர் ஆன்ல இருந்தது. அப்படியே எழுதுறேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு, உங்களை மாதிரியே ஒருத்தருக்குப் பணம் கொடுக்கச் சொல்லியிருக்காங்க அத்தை."

"யாரு கொடுத்தா?"

"இன்சூரன்ஸ் கம்பெனி. அப்புறம் டிராக்டர்காரர்கிட்ட வாங்கிக்கச் சொல்லி."

கொஞ்ச நேரம் பேசல. கால நீட்டி உக்காந்து, முட்டியைத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

"நம்ம டிராக்டர்காரன் அப்பவே டிப்பரை வித்துதான்டா ஆஸ்பத்திரிக்குக் கட்டினான். கம்பெனிக்காரன் வந்து கேட்டிருந்தா அவன் எங்க போயிருப்பான்?"

வெளிய உப்பு ஏத்தின ஒரு டிராக்டர் போச்சு. டிப்பர்ல மூட்டை மேல நாலு பேர். அத்தை கையைத் தூக்கி ஒருத்தியைக் கூப்பிட்டாங்க: "ஏய், கம்பியைப் புடிச்சு உக்காரு!"