இலவசம் தேய்ந்து கட்டணமான கதை: கலிபோர்னியா பல்கலைக்கழகம், 1868–2022

1868 மார்ச் 23 அன்று ஆளுநர் ஹென்றி ஹெய்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் கலிபோர்னியா பல்கலைக்கழகம் பிறந்தது. வருமானம் இடம் கொடுத்ததும் மாநிலவாசிகள் எல்லோருக்கும் படிப்பு இலவசம் என்ற வாக்குறுதி அந்தச் சட்டத்திலேயே இருந்தது. 2022 இலையுதிர் காலத்தில் அங்கே இளநிலை வகுப்பில் சேர்ந்த அதே மாநில மாணவருக்கான ஆண்டுக் கட்டணம் 13,104 டாலர். இந்த இரண்டுக்கும் நடுவே, இலவசத்தை ஒரே நாளில் ரத்து செய்யும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. அது மெல்ல மெல்லத் தேய்ந்தது. தேய்த்தவர்களில் பெரும்பாலோர் அதைக் காப்பாற்றுவதாகவே சொல்லிக்கொண்டார்கள்.

முதல் விரிசல் 1921-இல் விழுந்தது. பாடம் நடத்துவதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் மாணவர் நலச் சேவைகளுக்குச் சிறு தொகை கட்ட வேண்டும் என்று ‘இதரச் செலவுக் கட்டணம்’ வந்தது. தொகை அற்பம்தான். ஆனால் வாசல் திறந்துவிட்டது.

பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்தை உலகமே வியந்து பார்த்தது. பள்ளி முடித்தவர்களில் முதல் 12.5 சதவீதத்தினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் ஈராண்டுக் கல்லூரிகள் என்று அது இடம் பிரித்தது. மாநிலவாசிகளுக்குப் படிப்பு இலவசம் என்பதையும் மறுபடி உறுதி செய்தது. கூடவே, கற்பித்தலோடு நேரடித் தொடர்பில்லாத செலவுகளை மாணவரே ஏற்கலாம் என்றும் ஒரு வரி இருந்தது. பின்னாளில் எதெல்லாம் அந்த வரிக்குள் நுழையப்போகிறது என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் ஊகித்திருக்க முடியாது.

பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்த மாணவர் போராட்டங்களைத் தேர்தல் பிரச்சினையாக்கி 1966-இல் ஆளுநர் தேர்தலில் வென்றார் ரொனால்ட் ரீகன். அவர் பதவியேற்ற மாதமே, 1967 ஜனவரி 20 அன்று, ரீஜென்டுகள் எனப்படும் ஆட்சிக்குழு கெரை வீட்டுக்கு அனுப்பியது. கல்விக் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்ற ரீகனின் யோசனையை அதே ஆண்டு அதே குழு நிராகரித்தது. ஆனால் மூன்றே ஆண்டுகளில் இளநிலை மாணவர்களுக்கு 150 டாலர் ‘கல்விசார் கட்டணம்’ வந்தது. முதலில் கட்டடச் செலவுக்கு என்றார்கள். பிறகு உதவித்தொகைக்கும் அன்றாட நடைமுறைச் செலவுகளுக்கும் அந்தப் பணமே போயிற்று. ரீகன் கேட்டது வேறு பெயரில் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த அடி வளாகத்துக்கு வெளியிலிருந்து விழுந்தது. 1978-இல் வாக்காளர்கள் ஏற்ற 13-ஆம் முன்மொழிவு சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டியது. சொத்துவரியை நம்பியிருந்த பள்ளிகளின் பாரம் மாநிலக் கருவூலத்தின் தலையில் ஏறியது. 1988-இல் 98-ஆம் முன்மொழிவு பள்ளிகளுக்கும் ஈராண்டுக் கல்லூரிகளுக்கும் குறைந்தபட்ச நிதியைச் சட்டப் பாதுகாப்புடன் ஒதுக்கியது. பல்கலைக்கழகத்துக்கு அப்படி ஒரு வேலி இல்லை. வெட்டினால் மாணவரிடம் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில், பற்றாக்குறை வந்தபோதெல்லாம் அரசின் கை அங்கேதான் போயிற்று. 1990-களின் தொடக்க மந்தத்தில் கட்டணம் இருமடங்கைத் தாண்டியது. 2009 நவம்பரில் ஒரே தீர்மானத்தில் 32 சதவீதம் உயர்ந்து, ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைக் கடக்கும் நிலை வந்தது. பெர்க்லி மாணவர்கள் வீலர் ஹாலைக் கைப்பற்றி உள்ளே பூட்டிக்கொண்டார்கள். 2010-இல் ஆட்சிக்குழு, தாங்கள் வாங்குவது கல்விக் கட்டணம்தான் என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது. 2011-12-இல் தொகை 12,192 டாலரைத் தொட்டது. மாணவர் செலுத்தும் பணம் மாநில அரசின் மானியத்தை முதன்முறையாக விஞ்சியதும் அப்போதுதான்.

இதன் மறுபக்கமே உதவித்தொகை. கட்டண உயர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஏழை மாணவருக்கென எடுத்து வைப்பது பல்கலைக்கழகத்தின் வழக்கமாகிவிட்டது. 1972-இல் உருவாகி இன்று பெல் மானியம் என்று அறியப்படும் மத்திய அரசு உதவியும், 1955-இல் தொடங்கிய மாநில உதவித்தொகையின் வழிவந்த ‘கால் கிராண்ட்’ மானியமும் அதோடு சேர்ந்தன. வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் முழுவதும் ஈடுசெய்யப்படும் என்ற ‘நீலமும் பொன்னும்’ திட்டம் 2009-இல் வந்தது. 60,000 டாலரில் தொடங்கிய அந்த வரம்பு சில ஆண்டுகளில் 80,000 ஆயிற்று. இன்று கலிபோர்னியா மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கையிலிருந்து கல்விக் கட்டணம் கட்டுவதில்லை.

இது சின்னச் சாதனையல்ல. ஆனால் 1868-இன் இலவசம் எல்லோருக்கும் உரியது. இன்றைய இலவசத்துக்கு விண்ணப்பம் போட்டு, குடும்ப வருமானத்தைக் காட்டி, தகுதி பெற வேண்டும். வரம்பைச் சற்றே தாண்டியவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டதால் 2014-இல் நடுத்தர வர்க்கத்துக்குத் தனி உதவித்தொகை தேவைப்பட்டது. கட்டணம் கழிந்தாலும் வீட்டு வாடகையும் சாப்பாடும் மிஞ்சுகின்றன; பெர்க்லியில் கட்டணத்தோடு இவையும் சேர்ந்து ஓராண்டின் மொத்தச் செலவை 40,000 டாலருக்கு மேல் கொண்டுபோய்விடுகின்றன. கட்டணம் ஈடான மாணவர் கடன் வாங்கினால், அது இது போன்ற வாழ்க்கைச் செலவுக்குத்தான்.

விலை ஏறியதும், போட்ட பணம் திரும்புமா என்ற கேள்வியும் எழுந்தது. ஒபாமா அரசு 2015-இல் வெளியிட்ட ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ ஒவ்வொரு கல்லூரியிலும் மத்திய அரசு உதவி பெற்றுப் படித்தவர்களின் சம்பளத்தைப் பொதுவில் வைத்தது. ஆனால் சராசரிச் சம்பளம் கல்லூரியின் திறமையைக் காட்டுகிறதா, அங்கே சேர்ந்தவர்களின் வசதியைக் காட்டுகிறதா என்பது அதில் தெரியாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தை வைத்துப் பொருளியலாளர்கள் சாக்கரி பிளீமரும் ஆஷிஷ் மேத்தாவும் செய்த ஆய்வு இங்கே உதவுகிறது. அங்கே பொருளியலை முதன்மைப் பாடமாக எடுக்க, தொடக்கப் பாடங்களில் 2.8 தரப்புள்ளி வேண்டும் என்ற விதி இருந்தது. அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டியவர்களையும் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். பொருளியல் படித்ததால் தொடக்ககால ஆண்டு வருமானம் சுமார் 22,000 டாலர், அதாவது 46 சதவீதம், கூடியிருந்தது. ஒரே வளாகத்துக்குள்ளேயே பாடத்துக்குப் பாடம் இவ்வளவு வித்தியாசம்.

யார் உள்ளே வருகிறார்கள் என்பதும் சம்பளத்தில் எதிரொலிக்கிறது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 1996-இல் 209-ஆம் முன்மொழிவு தடை போட்ட பிறகு, கறுப்பின, ஹிஸ்பானிய விண்ணப்பதாரர்களின் வருமானம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்ததாக பிளீமரின் மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் 2017-இல் வெளியிட்ட கணக்கில், மொத்த மாணவர்களில் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து உச்ச வருமானத்துக்கு ஏறியவர்களின் விகிதத்தில் பெர்க்லியை விட முன்னே நின்றது, கட்டணம் குறைந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மாநிலப் பல்கலைக்கழகம். தரவரிசைப் பட்டியல்களில் அதன் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2021 ஜூலையில் ஆட்சிக்குழு ‘கட்டண நிலைப்புத் திட்டம்’ ஒன்றை ஏற்றது. சேர்ந்த ஆண்டின் கட்டணம் ஆறாண்டுவரை அப்படியே நிற்கும்; ஆனால் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு அணிக்கும் விலைவாசியோடு அது ஏறும். புதிதாகக் கிடைக்கும் பணத்தில் 45 சதவீதத்தை அத்திட்டம் உதவித்தொகைக்கு ஒதுக்கியது. ஆக, அடுத்த அணியின் கட்டணம் உயராவிட்டால் ஏழை மாணவருக்கான நிதியும் அந்த அளவுக்கு வளராது.