எதற்குப் போகிறாய் என்ற கேள்வி

2020 மே 13 அன்று இங்கிலாந்தில் ஊரடங்கு சற்றுத் தளர்ந்தது. வெளியே இரவு தங்கக் கூடாது. ஆனால் திறந்தவெளியில் உலாவிவர எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் காரில் போகலாம் என்றானது. ஏழு வாரம் கொட்டகையில் உறங்கிய மோரிஸ் மைனர், ஆஸ்டின் செவன் போன்ற பழைய கார்கள் கிராமத்துச் சாலைகளுக்குத் திரும்பின. பழமை மோகம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. அந்நாட்டுச் சாலைகளின் வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. குறிப்பிட்ட வேலை எதுவுமின்றி, கிராமங்களின் ஊடே நிதானமாகக் கார் ஓட்டிப் போகும் வழக்கம் அங்கே ஒரு தடை நீங்கிய நாளைக் கொண்டாடிப் பிறந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு தடைக்குப் பிறகும் புது உயிர் பெற்றது. ‘எதற்குப் போகிறாய்?’ என்று அரசு கேட்பதும், பிறகு கேட்காமல் விடுவதும் மாறிமாறி நடந்ததில் வேரூன்றிய வழக்கம் அது.

1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானே இயங்கும் வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலையும் ஊருக்குள் 2 மைலையும் தாண்டக் கூடாது; சிவப்புக் கொடி பிடித்த ஆள் ஒருவர் அதன் முன்னால் நடக்க வேண்டும். 1878-க்குப் பிறகு கொடி கட்டாயமில்லை என்றாலும், ஆள் முன்னே நடக்கும் விதி 1896 வரை இருந்தது. அது ரத்தான 1896 நவம்பர் 14 அன்று, லண்டனில் காலை விருந்தில் ஒரு பிரபு சிவப்புக் கொடியைக் கிழித்தார். கார்கள் கூட்டமாகக் கடற்கரை ஊரான பிரைட்டனுக்குக் கிளம்பின. பிரைட்டனில் அவற்றுக்கு ஒரு ஜோலியும் இல்லை. போக முடியும் என்பதற்காகவே போனார்கள். 1927 முதல் இந்த ஓட்டத்தை ஆண்டுதோறும் நவம்பரில் பழைய கார்களைக் கொண்டு நடத்திவருகிறார்கள். அது நடக்காத ஆண்டுகளைப் பாருங்கள்: இரண்டாம் உலகப் போர்க் காலம், பெட்ரோல் தட்டுப்பாட்டின் 1947, பிறகு 2020. சுதந்திரத்தைக் கொண்டாடும் ஓட்டம், அது பறிபோன ஆண்டுகளில் நின்றிருக்கிறது.

இந்த வழக்கத்தை உண்மையில் உரமேற்றி வளர்த்தது பெட்ரோல் பங்கீடு. 1939 செப்டம்பரில் கூப்பன் வந்தது. தனியார் கார்களுக்கு முதலில் சிறு அடிப்படை அளவு கிடைத்தது. 1942 ஜூலையில் அதுவும் போனது. மருத்துவர், விவசாயி போன்றவர்கள் வேலையைச் சொல்லி வாங்கலாம். சும்மா சுற்றப் போகிறவருக்கு ஒரு சொட்டுக் கிடையாது. ஜெர்மானியர் வந்து இறங்கினால் வழி தெரியக் கூடாதென்று 1940-இலேயே சாலைச் சந்திகளின் கைகாட்டி மரங்களைப் பிடுங்கியிருந்தார்கள், ஊர்ப் பெயர்ப் பலகைகளை அழித்திருந்தார்கள். போர் முடிந்து 1945 ஜூனில் திரும்பி வந்த அடிப்படை அளவு, டாலர் நெருக்கடியால் 1947 இலையுதிர் காலத்தில் மறுபடி பறிபோனது. வென்ற நாட்டு மக்களுக்கு இது போர்க்காலத் தடையைவிடக் கசந்தது. 1948 ஜூனில் மாதம் சுமார் 90 மைல் ஓடும் அளவுக்குக் கொடுத்தபோது, கள்ளச் சந்தையைத் தடுக்க வணிக வண்டிகளின் பெட்ரோலில் சிவப்புச் சாயம் கலந்தார்கள். தனியார் காரின் டாங்கில் அந்தச் சிவப்புத் தென்பட்டால் ஓராண்டுக்கு ஓட்டுநர் உரிமம் போய்விடும். 1950 மே 26 அன்று, விட்சன் (பெந்தெகொஸ்தே) விடுமுறைக்கு முன்தினம், பங்கீடு முடிந்தது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. கூப்பன் புத்தகங்களைக் கிழித்துப் போட்டார்கள். அந்த விடுமுறையில் சாலைகளை நிறைத்தவர்கள் மனநிலையில் 1896-இன் வாரிசுகள். 1956 டிசம்பரில் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் கூப்பன் மறுபடி வந்து அடுத்த மே வரை நீடித்தது. குறைந்த பெட்ரோலில் ஓடும் சிறிய காருக்கான அவசரமும் அதில்தான் பிறந்து, 1959-இல் மினி ஆயிற்று.

கார் வைத்திருந்தவர்களின் கதையை ஒரு நாட்டின் வழக்கம் என்று சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. 1951-இல் ஏழு வீட்டில் ஒரு வீட்டில்தான் கார் இருந்தது. ஆனால் வழக்கம் பரவிய திசையைக் கவனிக்க வேண்டும். 1922-இல் வந்த ஆஸ்டின் செவன் காரை நடுத்தரக் குடும்பத்தின் பக்கம் கொண்டுவந்தது. 1948-இல் அறிமுகமான மோரிஸ் மைனர், பத்து லட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார். ஊரடங்குக்குப் பின் வெளிவந்தவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆசிரியரும் செவிலியரும் ஓட்டிய வண்டிகள், பிரபுக்களின் ரோல்ஸ் ராய்ஸ் அல்ல. சென்னைக்கருகே பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அதன் மூலமான ட்ரயம்ப் ஹெரால்டு எத்தகைய குடும்பத்தின் கார் என்று விளக்க வேண்டியதில்லை.

கிராமத்தார் தரப்பு ஆட்சேபம் இன்னும் கனமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தான் காரில் வந்து அவர்களுக்குக் கொடுத்தது புழுதிதான். சாலைக்குத் தார் பூசும் வேலை பரவியபிறகே வேலியோரச் செடிகள் பச்சையாகத் தெரிந்தன. பயண எழுத்தாளர் ஹெச். வி. மார்ட்டன் மோரிஸ் காரில் நாடு சுற்றி எழுதிய புத்தகம் 1927-இல் வந்து, ஆயிரக்கணக்கானோரை அதே வழியில் இழுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே நாட்டுப்புறத்தைக் காக்க ஒரு சங்கம் தோன்ற வேண்டியிருந்தது. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச்சில் டெர்பிஷயர் போலீசார், கூட்டம் வரக் கூடாதென்று பக்ஸ்டன் அருகே ஒரு நீலக் குட்டையில் கறுப்புச் சாயமே கொட்டினார்கள். நோயைக் கொண்டுவந்துவிடுவார்களோ என்று சிற்றூர் மக்கள் பயந்ததில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. அவர்களின் மருத்துவமனை தொலைவில் இருந்தது. ஆயினும் அந்த அச்சத்தைத் தூண்டியது ஒரே இடத்தில் குவிந்து இறங்கிய கூட்டம். ஒரு குடும்பம் தன் காரை விட்டு இறங்காமல் ஊரைக் கடந்து போவதையும் அதையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

இப்படிச் சுற்றிவரப் பழைய கார் எதற்கு? கிராமத்துச் சாலைகளுக்கு அதுதான் பொருந்துகிறது. இருபுறமும் ஆளுயர வேலி, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே ஓர் இடைவெளி, வளைவுக்கப்பால் என்ன என்று தெரியாது. அங்கே 30 மைல் வேகமே அதிகம். அந்த வேகத்தில் புதிய கார் ஊர்வதுபோல் தோன்றும், மைனர் இயல்பாக ஓடும். திரும்பப் போகிறோம் என்று காட்ட, அதன் பழைய வகைகளில் கதவுத் தூணிலிருந்து சிறு தகடு ஒன்று ‘டக்’கென்று வெளியே நீண்டு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். ட்ராஃபிகேட்டர் என்று பெயர். பின்னால் வருகிறவர் அதைக் கவனிக்க வேண்டுமென்றால் அவரும் மெதுவாகத்தான் வந்தாக வேண்டும். ஏழு வாரம் நின்ற வண்டியை எழுப்புவதும் லேசான காரியம் இல்லை: பேட்டரி இறங்கியிருக்கும், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். சோக்கை இழுத்துப் பிடித்து, எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்து கிளம்புகிறவர் அவசரத்துக்குக் கிளம்புகிறவர் அல்ல.

புகை கக்கும் வண்டியை இந்தக் காலத்திலும் வெளியே எடுக்கலாமா என்பது கடைசி ஆட்சேபம். லிட்டர் கணக்கில் அது உண்மை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இவை ஓடும் தூரம் மிகக் குறைவு. வேலைக்குப் போய்வரும் கார்களோடு ஒப்பிட்டு இவற்றை முதல் குற்றவாளியாக்குவது அளவறியாத வாதம். சட்டமும் 40 வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்தும் சாலை வரியிலிருந்தும் விலக்கு தருகிறது. ஆனால் பெட்ரோல் மறுபடி குறுக்கே நிற்கிறது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனின் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும் என்பதால், எத்தனால் குறைந்த, விலை கூடிய சூப்பர் ரகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. எல்லாக் கிராமத்துப் பெட்ரோல் பங்க்குகளிலும் அது கிடைப்பதில்லை. ஆகவே மனம்போன போக்கில் சுற்றக் கிளம்புகிறவர்களும், எந்த ஊரில் அந்தப் பெட்ரோல் கிடைக்கும் என்று முதலில் பார்த்துக்கொண்டே வழியைத் தீர்மானிக்கிறார்கள்.