பூட்டும் ஒரே இடம், சாவியும் ஒரே இடம்

கடவுச்சொல் கேட்கும் கணினிக் கோப்பு பத்திரமானது என்று நம்புவோர் பலர். கிளினிக்கின் நோயாளிப் பட்டியல், சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு, கடையின் கடன் கணக்கு என எத்தனையோ விவரங்கள் அந்த நம்பிக்கையில்தான் மேசைக் கணினிகளுக்குள் போயின. அந்த நம்பிக்கை சரிதானா? வரலாறு சொல்லும் பதில் சற்றுக் கசப்பானது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உருவானது. ஆளுக்கு ஒரு கடவுச்சொல். பயன்படுத்தும் நேரத்திற்கும் அளவு உண்டு. நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர் 1962இல் என்ன செய்தார்? கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிடும்படி கேட்டார். கணினியும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! 1966இல் இரண்டு கோப்புகள் தவறுதலாக இடம் மாறின. கணினியைத் திறந்தவர்கள் முன் வழக்கமான அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வந்து நின்றன.

கடவுச்சொல்லை எழுதியபடியே வைக்கக்கூடாது, திரும்பப் பெற முடியாதபடி உருமாற்றி வைக்க வேண்டும் என்பதே இதில் கிடைத்த பாடம். பெல் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979இல் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

பாடம் இருந்தும் மேசைக் கணினி உலகம் அதைப் பின்பற்றவில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆக்சஸ் தரவுத்தள மென்பொருள் 1992இல் வந்தது. அதன் 97ஆம் பதிப்பில், கடவுச்சொல் அந்தக் கோப்பின் தொடக்கப் பகுதியிலேயே இருந்தது. எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான ஒரே எண் வரிசையைக் கொண்டுதான் அதை மறைத்திருந்தார்கள். அந்த வரிசை தெரிந்தவருக்குக் கடவுச்சொல்லைப் படிக்க ஒரு நொடி போதும். பூட்டிய வீட்டின் சாவியை வாசல் மிதியடிக்குக் கீழே வைத்த கதைதான்.

இதற்கு ஓர் அடிப்படைக் காரணமும் உண்டு. பெரிய நிறுவனங்களின் தரவுத்தளம் தனிக் கணினியில் காவலோடு இருக்கும். ஆக்சஸ் தரவுத்தளமோ ஒரே கோப்பு. நகல் எடுத்தவர் கையில் எல்லாமே போய்விடும். கேள்வி கேட்கும் காவலாளியைச் சுற்றிப் போக அவருக்கு நேரமும் உண்டு, தனிமையும் உண்டு. உள்ளிருக்கும் எழுத்தையே புரியாததாக மாற்றும் மறையாக்கம்தான் அப்போது காப்பாற்றும்.

2007ஆம் ஆண்டுப் பதிப்பின் புதிய கோப்பு வடிவத்தில் கடவுச்சொல்லும் மறையாக்கமும் ஒன்றாக இணைந்தன. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அது மேலும் வலுப்பெற்றது. இதற்கும் ஒரு விலை உண்டு. முன்பு கடவுச்சொல்லை மறந்தவர் எளிதில் மீட்டுவிடலாம். வலுவான மறையாக்கம் உரிமையாளருக்கும் இரக்கம் காட்டாது. கடவுச்சொல் தொலைந்தால் தரவும் தொலைந்ததுதான்.

மலேசியாவில் 2013இலும் சிங்கப்பூரில் 2014இலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. வாடிக்கையாளரின் விவரங்களைக் காப்பது இன்று நிறுவனங்களின் சட்டக் கடமை. அலுவலக அலமாரியில் பழைய ஆக்சஸ் கோப்புகள் இருந்தால், புதிய கடவுச்சொல் மட்டும் போதாது. கோப்பைப் புதிய வடிவத்திற்கு மாற்றி மறையாக்கம் செய்ய வேண்டும். பழைய நகல்களை அழிக்க வேண்டும். கடவுச்சொல்லை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் இருந்தால், அது பூட்டே இல்லை.