பேரன் காரும் மைக் செட்டு அண்ணன் பேட்டரியும்

போன மாதம் பேரன் கோயமுத்தூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு சென்னிமலை வந்திருந்தான். வண்டி தெருமுனை திரும்பும்போதே பாட்டுச் சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டிக்கியைத் திறந்து காட்டினான். துணி வைக்க இடமில்லாமல் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி, பக்கத்தில் ஆம்ப்ளிபையர்.

"அப்பாரு, பேஸ் அடிக்கறப்பெல்லாம் ஹெட்லைட் மங்குதுங்க. டிக்கில இன்னொரு பேட்டரி வெச்சு ரெண்டையும் சேத்தீட்டாச் சரியாயிரும்ங்கறாங்க. இன்வெர்ட்டர்ல இருந்து கழட்டுன பழசு ஒண்ணு நம்மூட்ல கெடக்குதல்லங்க, அதையே வெச்சுக்கட்டுங்களா?"

"அதை மட்டும் செஞ்சறாத சாமி" என்றேன். என் குரல் மாறியதைப் பார்த்து அவன் திகைத்துவிட்டான். அதற்குக் காரணம் ஐம்பது வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய கதை.

வண்டியில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு பேட்டரி போதாது என்பது புதுச் சங்கதி அல்ல. 1930ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 'மோட்டரோலா' என்று கார் ரேடியோ விற்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து ரேடியோவில் வால்வுகள். வால்வுக்குள் இருக்கும் இழையைச் சூடாக்க வண்டியின் 6 வோல்ட் பேட்டரி போதும். ஆனால் வால்வு வேலை செய்ய நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்காக 45 வோல்ட் உலர் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து, பெட்டியில் அடைத்து, காரின் அடித்தளத்தில் வைத்தார்கள். சில வருஷங்களில் 'வைப்ரேட்டர்' வந்தது. பேட்டரி மின்சாரத்தை விட்டு விட்டுத் தட்டி, டிரான்ஸ்பார்மர் வழியாக உயர்த்திக் கொடுக்கும் கருவி அது. உலர் பேட்டரிப் பெட்டி தேவையில்லாமல் போனது.

நம் பக்கம் கதை வேறு. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்துவிட்டது என்றாலும் கோயமுத்தூர் ஜில்லாவின் எல்லா ஊருக்கும் கம்பி வந்துவிடவில்லை. நான் பையனாக இருந்தபோதுகூட தோட்டத்துச் சாளைகளில் லாந்தர் விளக்குதான். மாரியம்மன் நோம்பியோ கல்யாணமோ, ரேடியோ கட்ட வேண்டுமானால் மைக் செட்டுக்காரர் மாட்டு வண்டியில் பேட்டரியும் சேர்த்துத்தான் ஏற்றி வருவார். வேப்பமரத்தில் குழாய் ஏறிவிட்டால் ஊரே கூடிவிடும்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு மைக் செட்டு அண்ணன் இருந்தார். பள்ளிக்கூடம் முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் 1967 தேர்தல் சமயத்தில் அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். அம்பாசிடர் பிளசர் மேலே இரண்டு குழாய், பின்சீட்டில் ஆம்ப்ளிபையர், காலடியில் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி. வண்டி பேட்டரியிலிருந்தே எடுத்தால் கூட்டம் முடியும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாது. அந்தக் காலத்து டயனமோ, வண்டி மெதுவாகப் போகும்போது மின்சாரமே சரியாகத் தராது. தேர்தல் வண்டியோ நடை வேகத்தில்தான் போகும்.

ஒருநாள் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறதென்று நானாகவே ஒரு வேலை செய்தேன். மூலையில் கிடந்த பழைய பேட்டரி ஒன்றைப் புதுசோடு பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்று இணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் இரண்டும் காலி. பழசில் ஒரு செல் செத்திருந்தது. ஆறு செல்லில் ஒன்று போனால் அது 10 வோல்ட் பேட்டரி. பக்கத்திலிருக்கும் 12 வோல்ட் பேட்டரி ராத்திரி முழுக்கத் தன் சக்தியை அதில் கொட்டித் தீர்த்துவிடும்.

அண்ணன் திட்டவில்லை. "ஏர்ல கட்டற மாடே ஜோடி பாத்துத்தான் கட்டோணும் கண்ணு. கிழட்டு மாட்டோட காளங்கண்ணப் பூட்டுனா ரெண்டும் போயிரும்" என்றார்.

அடுத்த வருஷம் தைப்பூசத் தேருக்கு முந்தின நாள். நான்கு பேட்டரி வரிசையாகச் சார்ஜில் இருந்தன. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி பட்டால் வெடிக்கும். முதலில் சுவிட்சை அணை, அப்புறம் கிளிப்பைக் கழட்டு என்று அண்ணன் தினமும் சொல்வார். அன்றைக்கு அவசரம். அவர் குனிந்து பக்கத்துப் பேட்டரியில் ஆசிட் அளந்துகொண்டிருந்தார். நான் சுவிட்சை அணைக்காமல் கிளிப்பை உருவினேன்.

பட்டாசு போல ஒரே சத்தம். பேட்டரியின் மேல்பாகம் பிளந்து ஆசிட் அவர் முகத்தில் தெறித்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஈரோட்டுக்குக் கொண்டு போனோம். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கண்ணில் பார்வை பாதிதான் மிஞ்சியது.

கேட்டவர்களிடமெல்லாம் அவர் "பேட்டரி வெடிச்சுப் போச்சுங்க" என்று மட்டும்தான் சொன்னார். என் பெயரைச் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. பிறகு மின்சாரத் துறையில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் எத்தனையோ சின்னப் பையன்களுக்கு 'முதலில் சுவிட்ச்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அண்ணன் காலமாகி வருஷம் பல ஆகிவிட்டது. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்களிடமும் இதே தவறைப் பார்த்தேன். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்து 24 வோல்ட். டேப் செட்டுக்கு வேண்டியது 12. ஒற்றைப் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துப் பாட்டுப் போடுவார்கள். அந்த ஒன்று மட்டும் தினமும் இறங்கும். சார்ஜ் ஏறும்போது இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம்தான். இறங்கினதற்குப் பசி தீராது. மற்றதற்கு அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் கொதித்து வற்றும். ஆறே மாதத்தில் கடைக்காரரோடு சண்டை. 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் தீர்ந்தது.

பேரனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆம்ப்ளிபையர் 1000 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல். சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் அதைத் தொடர்ந்து தாங்காது. இரண்டாவது பேட்டரி ஒரு நொடி இழுப்புக்குக் கைகொடுக்கும். ஆனால் இல்லாத மின்சாரத்தை உண்டாக்காது. ஆகவே முதலில் ஆல்டர்னேட்டரையும் கம்பியின் கனத்தையும் பார். அதற்கப்புறமும் வேண்டுமானால் இரண்டையும் ஒரே வகையில், ஒரே வயதில் வாங்கு. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி டிக்கிக்குள் கூடவே கூடாது, மூடின வகைதான். கம்பியின் இரண்டு முனையிலும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். வண்டி நிற்கும்போது இரண்டையும் பிரித்துவைக்க ஒரு ரிலே.

"இவ்வளவு இருக்குதுங்களா அப்பாரு?" என்றான்.

அப்புறம் அவனை உட்காரவைத்து அண்ணன் கதையைச் சொன்னேன். பாதியிலேயே எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டு வந்து மீதியைக் கேட்டான். சாயங்காலம் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை நாங்கள் இருவரும் சேர்ந்தே தூக்கிக்கொண்டு போய்க் கடையில் போட்டுவிட்டு வந்தோம்.