அட்டையும் கதையும்: தாம்பரத்துப் பையன்களின் சேகரிப்புகள் குறித்துச் சில குறிப்புகள்

1

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை பழைய பொருட்களுக்குப் பேர்போனது. துருப்பிடித்த பூட்டு, ஓடாத கடிகாரம், கைப்பிடி போன குக்கர் என்று எல்லாம் தரையில் விரித்த சாக்கின் மேல் கிடக்கும். சில மாதங்களுக்கு முன் அங்கே ஒரு சாக்கின் ஓரத்தில் இரண்டு பொருட்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். ஒன்று, ரப்பர் பேண்டு போட்ட டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டுக் கட்டு. மற்றது, அட்டை கிழிந்த நாலைந்து ராணி காமிக்ஸ். விலை கேட்டேன். "கார்டு கட்டா முப்பது ரூவா குடு சார். புக்கு ஒண்ணு நூறு" என்றார் கடைக்காரர். ஏன் இந்த வித்தியாசம் என்றதற்கு, "கார்டுல ஏழெட்டு கொறையுது சார், வெளாட முடியாது. புக்கத் தேடிக்கினு ஆளு வருது" என்றார்.

இரண்டு வகைச் சேகரிப்புகளுக்கும் இடையிலான கோட்பாட்டு வேறுபாட்டை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அட்டை தனியாக நிற்பதில்லை, கட்டின் உறுப்பாக மட்டுமே அதற்கு அர்த்தம். ஒன்று குறைந்தால் மொத்தமும் ஊனம். காமிக்ஸ் புத்தகத்துக்கும் வரிசை எண் உண்டு, முன்னதும் பின்னதும் உண்டு. ஆனாலும் அது தனக்குள் ஒரு கதையை முடித்து வைத்திருக்கிறது. சேகரிப்பவனின் ஆசையை இயக்குவது 'இல்லாத ஒன்று' என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அந்த 'இன்மை' அட்டையிலும் புத்தகத்திலும் வெவ்வேறு விதமாகச் செயல்படுகிறது. சின்னப் பிள்ளைகள் விவகாரம்தானே என்று ஒதுக்கிவிடாமல், சொத்து, விளையாட்டு, வாசிப்பு ஆகியவை நம் புறநகர்த் தெருக்களில் என்னவாக இருந்தன, என்னவாக ஆயின என்பதை இதன் வழியே பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2

அட்டையின் வரலாறு புகையிலையில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மெல்லிய காகித உறைக்குள் சிகரெட் நசுங்காமலிருக்க ஒரு கெட்டி அட்டை செருகப்பட்டது. வெறும் அட்டையாக ஏன் விடுவது என்று அதில் படம் அச்சிட்டார்கள். 1896இல் பிரிட்டனின் வில்ஸ் நிறுவனம் ஐம்பது கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் அட்டைகளை வெளியிட்டது. பின்னால் வந்த சிகரெட் அட்டைகளில் ரஞ்சித்சிங்ஜியும் இடம்பிடித்தார். காலனியின் இளவரசர் வெள்ளையரின் சட்டைப்பைக்குள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1996இல் இந்தியாவும் பாகிஸ்தானும் இலங்கையும் நடத்திய உலகக் கோப்பைக்கு 'வில்ஸ் உலகக் கோப்பை' என்று பெயர். இந்திய ஆட்டக்காரர்களின் சட்டையில் அந்தச் சிகரெட்டின் பெயர் இருந்தது. 2001இல்தான் ஐ.டி.சி. கிரிக்கெட் புரவலர் வேலையிலிருந்து விலகிக்கொண்டது. விளையாட்டு வீரனின் படமும் புகையிலையும் ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரே உறைக்குள் இருந்திருக்கின்றன.

நம் ஊர்ப் பையன்களுக்கு வீரர்களின் அட்டை வரவில்லை, காலி உறைதான் வந்தது. என் அப்பாவின் தலைமுறையில் தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றிப் பொறுக்கிய சிகரெட் அட்டைதான் நாணயம். சார்மினாருக்கு ஒரு மதிப்பு, சிசர்ஸுக்கு ஒரு மதிப்பு, வில்ஸுக்கு அதைவிட அதிகம். எது அபூர்வமோ அதற்கு மதிப்பு கூடுதல். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அந்த ரயிலில் வந்திறங்கும் குமாஸ்தாக்களும் பட்டறைத் தொழிலாளர்களும் எறிந்துவிட்டுப் போனதைப் பிள்ளைகள் பொறுக்கி, மதிப்பேற்றி, வட்டம் போட்டு, கல்லெறிந்து ஆடினார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அட்டை யாருக்கும் சொந்தமில்லாத குப்பை. ஆகவே ஜெயித்தவனுக்கே சொந்தம். ஆட்டம் முடிந்து திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது.

தொண்ணூறுகளில் நிலைமை மாறுகிறது. 1991இல் ஸ்டார் தொலைக்காட்சி இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது. கேபிள்காரர் மாடிக்கு மாடி கம்பி இழுத்தார். மல்யுத்தக்காரர்கள் கூடத்துக்கு வந்தார்கள். கூடவே பெட்டிக்கடையில் டிரம்ப் கார்டும் வந்தது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு உடம்பு, அதற்குக் கீழே உயரம், எடை, மார்பளவு, புஜம், மோதியவை, வென்றவை, ரேங்க். கிரிக்கெட் கட்டில் ஆட்டங்கள், ஓட்டங்கள், விக்கெட்டுகள். ஒருவன் ஒரு எண்ணைச் சொல்வான், அதில் எவன் பெரியவனோ அவன் மற்றவன் அட்டையை அள்ளிக்கொள்வான். மனிதனை எண்களாகக் கழற்றி, எண்ணோடு எண்ணை மோதவிடும் இந்த ஆட்டத்தை, தாராளமயத்தின் முதல் பத்தாண்டில் நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஆடினோம். பள்ளியில் ரேங்க் அட்டை வேறு இருந்தது. இரண்டுக்கும் 'ரேங்க்' என்ற ஒரே சொல்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

இன்னொரு மாற்றமும் நடந்தது. கட்டு காசு கொடுத்து வாங்கியது, அதற்கு உரிமையாளன் உண்டு. விமானப்படைக் குடியிருப்பிலோ, ரயில்வே குவார்ட்டர்ஸிலோ, அப்பாவுக்கு மாதச் சம்பளம் வரும் வீட்டிலோ அது இருக்கும். பம்மல் பக்கத்துத் தோல் ஷெட்டில் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் வந்து ஆடுவார்கள், ஜெயிக்கவும் செய்வார்கள். ஆட்டம் முடிந்ததும் "குட்றா, என் கார்டு" என்று ஒரு குரல் எழும். ஜெயித்தவன் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரே தலைமுறையில் வெற்றி பாவனையாகிவிட்டது. குப்பையாக இருந்தபோது பொதுவில் புழங்கிய அட்டை, சரக்கானவுடன் சொத்தாகிவிட்டது.

3

காமிக்ஸின் பாதை வேறு. 1972இல் சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் வந்த 'ஸ்டீல் க்ளா'வின் தமிழ் வடிவம் அது. ஸ்பெயின் ஓவியர் ஜேசுஸ் பிளாஸ்கோவின் கோடுகள் லண்டன் வழியாகச் சிவகாசிக்கு வந்தன. 1984இல் அதே ஊரிலிருந்து எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸைத் தொடங்கியது. அது 2005 வரை வந்தது. தமிழ்ச் சிறுவனின் காமிக்ஸ் உலகம் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கச் சரக்கின் மறுஅச்சு என்பதை மறைக்க வேண்டியதில்லை. முகமூடி அணிந்த வெள்ளைக்காரன் ஆப்பிரிக்கக் காட்டுக் குள்ளர்களுக்குக் காவல் தெய்வமாக இருப்பதை வாய்பிளந்து படித்தோம். லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய 'பெங்கல்லா' என்ற நாடு, இந்திரஜால் காமிக்ஸில் 'டென்காலி' ஆனது. நம்மை நினைவூட்டும் பெயரை மாற்றினால் போதும், இனவாதத்தை அப்படியே விற்கலாம்.

ஆனால் பிரதி எங்கிருந்து வந்தது என்பதோடு வாசிப்பு முடிந்துவிடுவதில்லை. மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் மறைந்துபோகிறவன், கை மட்டும் தெரியும். மின்வெட்டு நேரத்தில் சிம்னி வெளிச்சத்தில் அதைப் படித்தவர்களுக்கு அது லண்டன் கதையாக மட்டும் இருந்திருக்காது.

இந்தப் புத்தகங்கள் புழங்கிய விதம் முக்கியம். வாங்கியவர்களைவிட வாடகைக்குப் படித்தவர்களே அதிகம். கிழக்குத் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் லெண்டிங் லைப்ரரிகள் இருந்தன. நாலு நாலாகச் சேர்த்துத் தைத்து பைண்டு போட்டிருப்பார்கள். ஒரு புத்தகம் முப்பது நாற்பது கை மாறும். எண்ணெய்க் கறை, பெயர்க் கிறுக்கல், கடைசிப் பக்கம் போயிருத்தல் எல்லாம் சகஜம். கடைசிப் பக்கத்தை ஏற்கனவே படித்தவன் வாயால் சொல்வான். அதாவது, இன்மையை இன்னொரு வாசகன் நிரப்பினான். குறைந்துபோன டிரம்ப் கார்டை யாரும் வாயால் நிரப்ப முடியாது. மூர் மார்க்கெட் 1985இல் எரியும் வரை பழைய இதழ்களைத் தேடி ரயிலேறிப் போனவர்கள் உண்டு. அதன் பிறகு பழைய பேப்பர் கடைதான் கதி.

பெண் பிள்ளைகள் விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அட்டை ஆட்டம் தெருவில் நடந்தது, ஆகவே அக்கா தங்கைகளுக்கு அதில் இடமில்லை. காமிக்ஸை வீட்டுக்குள் படிக்கலாம், அவர்களும் படித்தார்கள். எங்கள் வீட்டில் என்னைவிட அதிகம் படித்தவள் அக்காதான். ஆனால் பரணில் இருந்த கட்டின் மேல் எழுதியிருந்தது என் பெயர். இன்றும் "நீ சேர்த்த புக்கு" என்றுதான் அம்மா சொல்கிறார். வாசகி வேறு, 'சேகரிப்பாளன்' வேறு. இரண்டாவது ஒரு சொத்துரிமைப் பட்டம், அது ஆணுக்கே எழுதப்பட்டது.

4

வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் நூலகத்தைப் பிரித்து அடுக்குவது பற்றி எழுதிய கட்டுரை தெரிந்ததே. சேகரிப்பவன் பொருளை அதன் பயன்பாட்டு அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறான் என்ற திசையில் அவர் சிந்தனை போகிறது. நம் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் இதைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. விளையாட்டையும் வாசிப்பையும் அடிமைத்தனம் என்று எப்படிச் சொல்வது? அவற்றிலிருந்து 'விடுவிக்கப்பட்ட' பொருள் எங்கே போகிறது?

அமெரிக்க உதாரணம் பதில் சொல்கிறது. 1909–11இல் சிகரெட்டோடு சும்மா கொடுத்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால்காரரின் அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 1938இல் பத்து சென்ட்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் பிரதி ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்த விலைக்குக் காரணம் பிள்ளைகள்தான். மற்ற பிரதிகளையெல்லாம் அவர்கள் ஆடிக் கிழித்தார்கள், படித்துத் தொலைத்தார்கள், அம்மாக்கள் தூக்கி எறிந்தார்கள். புழக்கம் அழித்ததால்தான் மிஞ்சியது அபூர்வமாயிற்று. இதைப் பார்த்த கம்பெனிகள் எண்பதுகளின் இறுதியிலிருந்து 'அபூர்வத்தை'யே உற்பத்தி செய்யத் தொடங்கின. 1992இல் சூப்பர்மேன் சாகும் இதழை உறையிட்டு விற்றார்கள். பிரிக்காமல் வாங்கி வைத்தவர்கள் பல லட்சம் பேர். எல்லோரிடமும் இருப்பது எப்படி அபூர்வமாகும்? அட்டைச் சந்தையும் காமிக்ஸ் சந்தையும் ஒன்றாகச் சரிந்தன. 1992இல் ஃப்ளீர் என்ற அட்டைக் கம்பெனியை விலைக்கு வாங்கிய மார்வெல், 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது.

இன்று அங்கே காமிக்ஸ் புத்தகத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று தர எண் கொடுத்து, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் தருகிறார்கள். அட்டைக்கும் அதே ஏற்பாடுதான். சீல் வைத்த புத்தகத்தைப் பிரித்துப் படிக்க முடியாது, பிரித்தால் தர எண் போய்விடும். கதை உள்ளே இருக்கிறது, ஆனால் இல்லை. முகப்பில் ஒரு படம், மேலே ஒரு எண், அவ்வளவுதான். சீல் வைக்கப்பட்ட கணத்தில் காமிக்ஸ் டிரம்ப் கார்டாகிவிடுகிறது. இரண்டு சேகரிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சந்தை அழிக்கிறது என்பது இதைத்தான்.

தமிழில் நாம் அந்த இடத்துக்கு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. 2012இல் லயன்–முத்து புத்துயிர் பெற்றபோது, பழைய சிறுவர்கள் நரைத்த தலையோடு சென்னைப் புத்தகக் காட்சியில் வரிசையில் நின்றார்கள். மாயாவி கதைகள் மறுபதிப்பாகவும் வந்தன. மறுபதிப்பு ஒரு நல்ல சோதனை. வாசகனுக்கு அது போதும். "பழசுதான் வேணும்" என்று அதிக விலை கொடுக்கத் தயாராக இருப்பவன் கதையைத் தேடவில்லை. அவன் தேடுவது எதை? இழந்த பால்யத்தை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தப் பால்யம் கைமாற்றிப் படித்ததில் இருந்தது, கைமாற்றக் கூடாத பொருளாக அது திரும்பி வருகிறது.

5

இன்னொன்று பாக்கி இருக்கிறது. தீப்பெட்டிப் படமும் சேர்த்தோம். 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், அதன் லேபிளுக்காக வளர்ந்த அச்சும்தான் சிவகாசியைக் காமிக்ஸ் ஊராகவும் ஆக்கின. அந்தப் பெட்டிகளை ஒட்டியவர்களும் குச்சி அடுக்கியவர்களும் எங்கள் வயதுப் பிள்ளைகள். 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. நாங்கள் அதே ஆண்டில் உலகக் கோப்பை பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் சேர்த்த படத்தின் பின்பக்கத்தில் அவர்கள் தடவிய பசை இருந்தது. எந்தச் சேகரிப்பின் பட்டியலிலும் இந்தப் பின்பக்கம் பதிவாவதில்லை.

ஆக, சேகரிப்பு கூடாது என்பதா? இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியாளாக நோட்டீஸ், அழைப்பிதழ், பழம்புத்தகம் என்று சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரம் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று, யாரும் போய்ப் பார்க்கலாம். பரணிலிருந்து பொதுவுக்கு வரும் பாதை ஒன்று இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. பாடநூலும் இலக்கியமும் ஓரளவு பாதுகாக்கப்படும். பையன்களும் பெண்களும் உண்மையில் எதைப் படித்தார்கள், எதை வைத்து ஆடினார்கள் என்பதற்கான சாட்சியம் கிழிந்த புத்தகத்திலும் குறைந்த கட்டிலும்தான் இருக்கிறது. சந்தை கேட்பது கறையில்லாத பிரதி. வரலாற்றுக்கு வேண்டியது கறை, கிறுக்கல், லைப்ரரி முத்திரை, கடைசிப் பக்கம் போன பிரதி. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பரண்களில் இவை இன்னும் இருக்கின்றன. வீடு இடித்து ஃபிளாட் கட்டும்போது ஒவ்வொன்றாகப் பேப்பர் கடைக்குப் போகின்றன. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு தெருவின் சேகரத்தையாவது வாங்கி, யார் படித்தது, யார் ஆடியது என்று கேட்டு எழுதி, பொது இடத்தில் வைக்க முடியும். அக்காவின் பெயரையும் அப்போது அந்தக் கட்டின் மேல் எழுதலாம்.

அன்றைக்கு நான் டிரம்ப் கார்டுக் கட்டையும் சேர்த்தே வாங்கினேன். "கொறையுதுன்னு சொன்னனே சார்" என்றார் கடைக்காரர்.