நித்திய கல்யாணி வந்த வழி

பழைய தகரடப்பாவில் நட்டாலும் ஆண்டு முழுதும் பூக்கும் செடி ஒன்று நம் வீட்டு மாடங்களில் உண்டு. தில்லியில் அதனைச் சதாபஹார் என்பர். மராத்தியர் சதாபூலி என்பர். வங்காளியர்க்கு அது நயன்தாரா. நம் ஊரிலோ அதற்கு நித்திய கல்யாணி, சுடுகாட்டு மல்லிகை என இரு பெயர்கள். மங்கலத்தையும் அமங்கலத்தையும் இவ்வாறு ஒருங்கே சுமக்கும் பூ வேறு உண்டோ, அறியோம்.

புற்றுநோய்க்கு மருந்தாகும் இச்செடியை நம் முன்னோரின் கண்டுபிடிப்பு எனப் பெருமையோடு கூறுவோர் நம்மிடையே உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் அழகுச் செடியாக இடம்பெற்றது. வெப்ப நாடுகள் பலவற்றிலும் வேரூன்றியது. நம் மண்ணிலும் அது குடியேறிய செடியே. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் அதனை அதற்காகக் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை.

1952இல் கனடா நாட்டு மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ராபர்ட் நோபிளுக்கு அவர்தம் தமையனார், மருத்துவர் கிளார்க் நோபிள், ஓர் உறையை அனுப்பினார். அதனுள் ஜமைக்காவிலிருந்து வந்த 25 இலைகள் இருந்தன. அத்தீவு மக்கள் நீரிழிவுக்கு அவ்விலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவந்தனர். எலிகளுக்கு வாய்வழியே அளித்தபோது சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியால் செலுத்தியபோதோ எலிகள் தொற்றுநோயால் மடிந்தன! ஏன் மடிந்தன என ஆராய்ந்தமையே இவ்வரலாற்றின் திருப்பம். அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோயை இதனால் அடக்கலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. வேதியியலார் சார்லஸ் பீர் பல்லாண்டு உழைத்து வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958இல் அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பெற்றது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தாரும் இச்செடியை ஆராய்ந்து வந்தனர். அவர்கள் கண்ட வின்கிரிஸ்டின் 1963இல் அந்நாட்டு அரசின் ஒப்புதல் பெற்றது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள் தேவை. இம்மருந்துகள் அவ்விழைகள் உருவாகாமல் தடுக்கின்றன, பிரிவு நின்றுபோகிறது. அந்நாளில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை பிழைப்பது அரிது. இன்று குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் அதன் வகைக்கு வின்கிரிஸ்டினைப் பிற மருந்துகளோடு சேர்த்து அளிக்கின்றனர். செல்வ நாடுகளில் பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

செடியில் இப்பொருள்கள் இருப்பதோ மிகச் சிறிதளவே. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். எனவேதான் திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் இது பயிராகி, இலையும் வேரும் வெளிநாடு சென்றன.

இதனைப் படித்தபின் மாடத்துச் செடியின் இலையை மென்று பார்க்க எவரும் முற்பட வேண்டா. நீரிழிவுக்கென வெறும் வயிற்றில் மெல்லுவோரைத் தில்லியிலும் காண்கிறோம். எலிகளின் வெள்ளணுக்களைக் குறைத்த நஞ்சும் அவ்விலையிலேயே உள்ளது. மருத்துவமனையில் அதனை எடை பார்த்து, அளவு கணித்து, நரம்பு வழியே செலுத்துகின்றனர். இரத்த அணுக்களை அடிக்கடி எண்ணியும் பார்க்கின்றனர்.